செல்ஃப் டிரைவ் கார்ல சென்னை டு கன்னியாகுமரி, கடலோரமாவே: முழு ரிவ்யூ

மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. சென்னையிலருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடல விடாம ஈசிஆர்லயே, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைலயே போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு செல்ஃப் டிரைவ் வாடகை கார் ரொம்ப நல்ல ஏற்பாடு, கொறஞ்ச அந்த ஒரு மார்க் ஃபாஸ்டேக்லயும் டெபாசிட்லயும் போச்சு, அத கடைசில சொல்றேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா புக் பண்றதுக்கு முன்னாடி நாலஞ்சு ஆப்ல கண்டிஷன் எல்லாம் வரிவரியா படிச்சேன், எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே கதைதான், அதனால எதுல எடுத்தாலும் கீழ எழுதியிருக்கறது உங்களுக்கு உதவும்.

ஏன் பஸ்சு ரயிலு இல்லாம கார்னு கேட்டா, இந்த ரோட்டோட கொணம் அப்படி. ஈசிஆர்னு பேரு இருக்கறதால ஜன்னல் ஓரமா கடல் கூடவே வரும்னு நெனச்சுப்போம், ஆனா முக்காவாசி தூரம் கடல் கண்ணுக்கே தெரியாது, சவுக்குத் தோப்பு, இறால் பண்ணை, உப்பளம், தென்னந்தோப்பு இதுக்கெல்லாம் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், ஒரு மீனவ கிராமத்துப் பேர் போட்ட போர்ட பாத்து எடது பக்கம் திரும்பி ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ள போனாதான் கடல். அந்த எடது பக்கம் திரும்பறதுதான் மொத்த டிரிப்பும். அதுக்கு வண்டி நம்ம கையில இருக்கணும், நெனச்ச எடத்துல நிறுத்த முடியணும். அதனாலதான் தெற்கு நோக்கி போகும்போது ஈசிஆர், திரும்பி வரும்போது ஹைவேன்னு பிளான் போடுங்கனு சொல்றேன், போகும்போது கடல் நம்ம எடது கை பக்கம் இருக்கும், எதிர்ல வர்ற லாரிய தாண்டி ரோட்ட கிராஸ் பண்ணாம சட்டுனு ஓரம் கட்டிடலாம், குழந்தைங்க இருந்தா இது எவ்ளோ நிம்மதினு போனா தெரியும்.

இப்ப பேக்கேஜ். இதுலதான் நெறய பேர் காசு விடறாங்க. ஒரு நாளைக்கு இவ்ளோ கிலோமீட்டர்னு லிமிட் போட்ட பேக்கேஜ் பாக்க சல்லிசா இருக்கும், தாண்டினா கிலோமீட்டருக்கு இவ்ளோனு ஏறிக்கிட்டே போகும். மேப்ல சென்னை கன்னியாகுமரினு அடிச்சா அது உங்கள நேரா விழுப்புரம் திருச்சி மதுரைனு ஹைவேல இழுத்துட்டு போய் 700 கிலோமீட்டர் சொச்சம்னு காட்டும், அத வச்சு கணக்கு போடாதீங்க. கடலோரமா போனா, ராமேஸ்வரம் தனுஷ்கோடி உள்ள போயிட்டு வர்றதையும் சேத்து, போறதுக்கே 800க்கு மேல ஆயிடும், ராமநாதபுரத்துலருந்து ராமேஸ்வரம் போய் வர மட்டும் 110 கிட்ட. திரும்பி வர்ற 700, அப்புறம் எடது பக்கம் திரும்பற திரும்பல் எல்லாம் சேத்தா 1700, 1800 கிட்ட நிக்கும். அதனால அன்லிமிடெட் கிலோமீட்டர் பேக்கேஜ்தான், யோசிக்கவே வேணாம். லிமிட் பேக்கேஜ்ல போனா ஒவ்வொரு திருப்பத்துலயும் "உள்ள போலாமா வேணாமா"னு மீட்டர பாத்துக்கிட்டே ஓட்டணும், அப்படி ஓட்டறதுக்கு இந்த ரோடு தேவையே இல்ல.

இன்னொன்னு, நம்பர் பிளேட் கட்டாயம் பாருங்க. சட்டப்படி வாடகைக்கு விடற செல்ஃப் டிரைவ் வண்டில கருப்பு பிளேட்ல மஞ்ச எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட் போட்ட சொந்த வண்டிய தெரிஞ்சவங்க மூலமா கம்மி வாடகைக்கு தர்றேன்னு நெறய பேர் வருவாங்க, எடுக்காதீங்க, சொந்த உபயோகத்துக்குனு போட்ட இன்சூரன்ஸ் வாடகைக்கு ஓடும்போது செல்லாது, வேதாரண்யம் தாண்டி ராத்திரில ஒரு மாடு குறுக்க வந்துச்சுனா மொத்த செலவும் உங்க தலைல. பாண்டிச்சேரி, காரைக்கால் ரெண்டும் தமிழ்நாடு இல்ல, புதுச்சேரி யூனியன் பிரதேசம்ங்கறதால வெளி மாநில பர்மிட் இருக்கானு புக் பண்ணும்போதே கேட்டு மெசேஜ்லயே பதில் வாங்கி வச்சுக்கங்க.

வண்டி டெலிவரி வீட்டு வாசல்லயே கொண்டு வந்து விட்டாங்க, நேரத்துக்கு வந்தாங்க, அது பெரிய பிளஸ். கொண்டு வந்த பையன் ரொம்ப தங்கமான பையன், "அண்ணே, ஃபோன்ல சுத்தி ஒரு வீடியோ எடுத்துக்கங்க, டயர் ரிம்மு, அடிப்பக்கம் எல்லாம் சேத்து எடுங்க, திருப்பி குடுக்கறப்ப வேற ஆளு வருவான்"னு அவனே சொன்னான். அந்த வீடியோதான் கடைசில என்னை காப்பாத்துச்சு. எடுத்தது நாலு மீட்டருக்குள்ள அடங்கற சின்ன எஸ்யூவி, ஹேட்ச்பேக் போதும்தான், ஆனா தெக்க போகப் போக கிராமத்து ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் மலை மாதிரி இருக்கு, கிரவுண்ட் கிளியரன்ஸ் கொஞ்சம் இருந்தா நல்லது, அடி தட்டினா அது எந்த இன்சூரன்ஸ்லயும் கவர் ஆகாதுனு அக்ரிமென்ட்லயே போட்டிருக்கான். வண்டில 80க்கு மேல போகாத மாதிரி ஸ்பீட் லாக் இருந்துச்சு. ஹைவேல அது எரிச்சல்தான், ஆனா ஈசிஆர்ல 80ஏ ஜாஸ்தி.

சென்னை டு பாண்டி பத்தி அதிகம் எழுதல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மாமல்லபுரம் தாண்டி நாலு வழி ஆக்கற வேலையால அங்கங்க டைவர்ஷனும் புழுதியும் இருந்துச்சு. சனி ஞாயிறுல கெளம்பாதீங்க. இந்த பகுதில நான் நிறுத்தச் சொல்ற எடம் ஒண்ணே ஒண்ணு, கடப்பாக்கம் பக்கத்துல ஆலம்பரை கோட்டை, இடிஞ்ச செங்கல் செவுரு, பக்கத்துல கழிமுகம், அந்தப் பக்கம் மணல் திட்டு, அதுக்கு அந்தாண்ட கடல். வார நாள் காலைல போனா ஆள் நடமாட்டமே இருக்காது. அடுத்து மரக்காணம் உப்பளத்த பாத்துக்கிட்டே ஓட்டுங்க. பாண்டில பீச் ரோட்டுல சாயங்காலம் ஆனா வண்டிய விட மாட்டாங்க, காலைலதான் தொறப்பாங்க, அதனால அந்த ரோட்டுல இருக்கற ஹோட்டல்ல ரூம் போட்டா வண்டி எங்க நிக்கும்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

பிச்சாவரத்துக்கு காலைல போய்டுங்க. மோட்டார் படகு வேணாம், துடுப்பு போடற படகுல ஏறுங்க, அதுதான் சுரபுன்னை வேரெல்லாம் தலைக்கு மேல கூடாரம் போட்ட மாதிரி இருக்கற குறுகலான வாய்க்காலுக்குள்ள போகும். படகு ஓட்ற அண்ணங்க எல்லாரும் அந்த ஊர்க்காரங்க, 2004 சுனாமில இந்த காடு எப்படி அலையோட வேகத்த கொறச்சுச்சுனு கேட்டா சொல்லுவாங்க, கேளுங்க. தில்லை மரம் எதுனு காட்டச் சொல்லுங்க, சிதம்பரம் கோயிலோட தல மரம் அதுதான், கோயில்ல தேடறத விட இங்க தேடறது சுலபம். கோயிலுக்கும் போறதா இருந்தா மதியம் நடை சாத்திடுவாங்க, அத மனசுல வச்சு பிளான் பண்ணுங்க.

அங்கருந்து கொள்ளிடம் தாண்டி சீர்காழி வழியா தரங்கம்பாடி. இந்த டிரிப்ல ராத்திரி தங்கறதுக்கு எனக்கு ரொம்ப புடிச்ச ஊர் இதுதான். டேனிஷ்காரங்க 1620ல கட்டின டான்ஸ்பர்க் கோட்டை கடல பாத்து நிக்குது, 1845 வரைக்கும் அவங்க கையில இருந்த ஊரு. 1706ல இங்க வந்து எறங்கின சீகன்பால்குங்கற ஜெர்மன் பாதிரியார்தான் தமிழ்ல புதிய ஏற்பாட்ட மொழிபெயர்த்து இதே ஊர்ல அச்சடிச்சாரு, 1715ல அது முடிஞ்சது, அவரு கட்டின புது எருசலேம் ஆலயத்துலயேதான் அவர அடக்கம் பண்ணியிருக்காங்க. தமிழ் புத்தகம் படிக்கற யாரும் இந்த தெருவுல ஒரு தடவை நடக்கணும்னு நான் மனசார சொல்றேன். கோட்டைக்கு பக்கத்துலயே கடல் அரிச்சு பாதி போன மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு, 1306ல பாண்டியர் காலத்துல கட்டினது, காலைல சூரியன் வர்றப்ப அங்க நில்லுங்க. ரூம் அதிகம் கெடையாது, கடலப் பாத்த பழைய பங்களா ஹோட்டல் ஒண்ணு இருக்கு, வார கடைசின்னா முன்கூட்டியே புக் பண்ணணும், கெடைக்கலன்னா காரைக்கால்ல தங்கிட்டு காலைல வாங்க, பக்கம்தான். காரைக்கால்ல பெட்ரோல் தமிழ்நாட்ட விட லிட்டருக்கு சில ரூபா கம்மி, டேங்க ரொப்பிக்கங்க.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மூணும் அடுத்தடுத்து வரும். ஆகஸ்ட் 29லருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி திருவிழா, கும்பிடப் போறவங்களுக்கு அது சந்தோஷம், கார்ல கடல் பாக்கப் போறவங்க அந்த பதினோரு நாள தவிர்க்கணும், நடந்து வர்ற பக்தருங்க ரோடு நெடுக இருப்பாங்க. அதே மாதிரி ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டியே கெடக்கும், மீன் சாப்பிடறதுக்காகவே போறவங்க அந்த மாசங்கள்ல போகாதீங்க. அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் புயல் சீசன். சுத்தி சுத்தி பாத்தா ஜனவரி பிப்ரவரிதான் சரி.

வேளாங்கண்ணியோட நெறய பேர் திரும்பிடறாங்க. இத எழுதறதே அதுக்காகத்தான். அதுக்கு தெக்கதான் உண்மையான கடலோர ரோடு ஆரம்பிக்குது. வேதாரண்யத்துல ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை குவியல் குவியலா, 1930ல ராஜாஜி திருச்சிலருந்து நடந்து வந்து உப்பள்ளின எடம், அகஸ்தியம்பள்ளில நினைவுத்தூண் இருக்கு. அங்கருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர்ல கோடியக்கரை. வரைபடத்துல பாருங்க, வடக்கருந்து நேரா எறங்கி வந்த கரை இங்க சட்டுனு மேற்கால திரும்புது, அந்த மூலைல நிக்கறீங்க. காட்டுக்குள்ள வெளிமான் கூட்டம் கூட்டமா மேயும், திமிரோட திரியற காட்டுக் குதிரைங்க உண்டு, சீசன்ல பூநாரை வரும், காலைல இல்லன்னா வெயில் தாழப் போகணும், நடு மத்தியானம் போனா ஒண்ணும் தெரியாது. சோழர் கால கலங்கரை விளக்கம் 2004 சுனாமில விழுந்துடுச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் கரை ஏறினது இந்தப் பக்கம்தான், ரோட்டோரத்துல தென்னைங்க சின்னது சின்னதா ஒரே உயரத்துல நிக்கறத பாத்தா ஏன்னு புரியும், மரம் போன குடும்பங்க மறுபடி நட்டு வளக்கறது அது. எளநி வாங்கறதா இருந்தா இங்க வாங்குங்க.

அதுக்கப்புறம் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி. இந்த பேருங்கள இதே வரிசைல மேப்ல ஸ்டாப்பா போட்டுக்கங்க, இல்லன்னா அது மறுபடியும் உங்கள பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைனு உள்பக்கம் தள்ளிடும். வண்டிய எடுத்ததோட பலன் மொத்தமும் எனக்கு இங்கதான் கெடைச்சுது. டிராஃபிக் இல்ல, டோல் இல்ல, ரோடு நல்லா இருக்கு, பாக் ஜலசந்தி கடல் ஏரி மாதிரி அலையே இல்லாம கெடக்குது. அந்த அமைதியான ஆழம் கம்மியான தண்ணிக்கடில கடல்புல் வளருது, அத மேயறதுக்கு ஆவுலியா, அதாவது கடல் பசு வருது, 2022ல தஞ்சாவூர் புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டர கடல் பசு பாதுகாப்பகமா அறிவிச்சது தமிழ்நாடு அரசு, நம்ம வீட்டு வாசல்ல இப்படி ஒண்ணு இருக்கறதே நெறய பேருக்கு தெரியல. மல்லிப்பட்டினம் கிட்ட மனோரா நிக்குது, நெப்போலியன இங்கிலீஷ்காரங்க ஜெயிச்சத கொண்டாட 1814, 15 வாக்குல ரெண்டாம் சரபோஜி மன்னர் கட்டின எட்டு அடுக்கு கோபுரம், தஞ்சாவூர் ராஜா ஐரோப்பா சண்டைக்காக கடற்கரைல கோபுரம் கட்டியிருக்காருனா பாத்துக்கங்க. துறைமுகத்துல ஒரு பெரியவர்கிட்ட சாப்பாடு எங்க நல்லா இருக்கும்னு கேட்டேன், "போர்டு இருக்கற கடைக்கு போவாத தம்பி, லாரி நிக்கிற கடைக்கு போ"ன்னாரு. போனோம். நண்டுக் குழம்பும் சோறும், அந்த ருசிய இப்ப நெனச்சாலும் பசிக்குது.

ஒரே எச்சரிக்கை, இருட்டினப்புறம் இந்த ரோட்டுல ஓட்டாதீங்க. வெளக்கு கெடையாது, மாடு ஆடு ரோட்டுலயே படுத்திருக்கும், அறுவடை சமயத்துல நெல்லயும் உளுந்தயும் ரோட்டுல காய வச்சு சுத்தி கல்லு வச்சிருப்பாங்க, மீன் லாரி ஒழுகின தண்ணில ரோடு வழுக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ரூம் வாசல்ல நிக்கற மாதிரி பிளான் பண்ணுங்க. தங்கறதுக்கு இந்த பக்கம் எடம் கம்மி, பட்டுக்கோட்டை இல்லன்னா நேரா ராமநாதபுரம்.

தேவிப்பட்டினத்துல கடலுக்குள்ள நிக்கற நவகிரகக் கல்லுங்கள, அதாவது நவபாஷாணத்த பாத்துட்டு பாம்பன். ரோட்டுப் பாலத்து மேல வண்டிய நிறுத்தாதீங்க, எல்லாரும் நிறுத்தறாங்கனு நீங்களும் நிறுத்தினா ஃபைன் வந்தா வாடகை கம்பெனி அதுக்கு மேல ஒரு சர்வீஸ் சார்ஜும் போடும். பாலம் தாண்டி வண்டிய போட்டுட்டு நடந்து வந்து பாருங்க, நாங்க போனப்ப 1914ல கட்டின பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலமும் பக்கத்து பக்கத்துல நின்னுச்சு, புதுசுல கப்பல் போக 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தா மேல தூக்கும். தனுஷ்கோடிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திடறாங்க, அதனால காலைல முதல் ஆளா போங்க. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டதுலருந்து எந்த காரும் போகலாம், ஒரு பக்கம் அலை அடிக்கற மன்னார் வளைகுடா, அத ஆண் கடல்னு சொல்லுவாங்க, ஒரு பக்கம் அமைதியான பாக் கடல், அது பெண் கடல், நடுவுல ரோடு. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட சேந்து போன ஊர் அது, இடிஞ்ச சர்ச் கிட்ட சங்கு மாலை விக்கறவங்க இன்னும் அங்க குடிசைல இருக்காங்க, ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. தார் ரோட்ட விட்டு ஒரு டயர கூட மணல்ல எறக்காதீங்க. எங்க கண்ணு முன்னாடியே ஒரு பெரிய வண்டி பொதஞ்சு நின்னுச்சு, வாடகை வண்டினா டோயிங் செலவு நம்மது.

அதுக்கு தெக்க நாங்க கொஞ்சம் வேகமா போயிட்டோம். கீழக்கரைல தொதல்ங்கற இனிப்பு வாங்குங்க, தூத்துக்குடில மக்ரூனும் பொரிச்ச பரோட்டாவும், திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு கட்டாயம் நிறுத்துங்க, மணல் குன்று மேல 1581ல கட்டின திருச்சிலுவை ஆலயம், கீழ கடல். உவரி வழியா கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல 2024 டிசம்பர் கடைசில தொறந்த கண்ணாடிப் பாலத்துல நடக்கணும்னா காலைல முதல் படகுக்கு வரிசைல நில்லுங்க.

இப்ப அந்த ஒரு மார்க். வண்டில ஃபாஸ்டேக் இருக்குன்னாங்க, பேலன்ஸ் இல்ல, முதல் டோல்லயே ரெட்டிப்பு கட்டச் சொன்னாங்க. கஸ்டமர் கேர்ல லைன் கெடைக்கவே கால் மணி நேரம். ஃபோன்ல நாமளே ரீசார்ஜ் பண்ணி பில்லு அனுப்பினா திருப்பி தர்றேன்னாங்க, தந்தாங்க, ஆனா லேட்டாதான் தந்தாங்க. திருப்பி குடுக்கும்போது வந்த ஆளு உள்ள மணல் இருக்குனு ஒரு தொகை, பின் பம்பர்ல கீறல்னு ஒரு தொகை டெபாசிட்ல புடிக்கப் பாத்தாரு. கீறலுக்கு டெலிவரி அன்னைக்கு எடுத்த வீடியோவ காட்டினேன், விட்டுட்டாங்க. மணலுக்கு புடிச்சது புடிச்சதுதான். அதனால ஒப்படைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டர் வாஷ் விட்டுடுங்க, அவங்க புடிக்கறத விட அது கம்மியாதான் ஆகும், அடிப்பக்கமும் சேத்து அடிக்கச் சொல்லுங்க, தனுஷ்கோடி உப்புக் காத்து பட்ட வண்டிக்கு அது நல்லது, அடுத்து எடுக்கறவங்களும் நம்மள மாதிரி குடும்பத்தோட போறவங்கதான்.

இந்த கம்பெனிங்க ஒண்ணு மட்டும் செஞ்சா நான் அந்த அஞ்சாவது மார்க்கையும் குடுத்துடுவேன், சென்னைல எடுத்து நாகர்கோவில்லயோ திருநெல்வேலிலயோ விடற மாதிரி ஒன் வே டிராப். நான் பாத்த எந்த ஆப்லயும் இந்த ரூட்டுக்கு அது இல்ல, எடுத்த ஊர்லயே விடணும், அதனால திரும்பி வர்ற 700 கிலோமீட்டர் ஹைவே சும்மா ஓட்டி முடிக்கறதுக்குனே ஒரு முழு நாள் போகுது. வயசான பெரியவங்கள கூட்டிட்டு போறீங்கன்னா அவங்கள கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏத்தி விட்டுட்டு, வண்டிய நீங்க மட்டும் மதுரைல ஒரு ராத்திரி தங்கி கொண்டு வாங்க, ரயில் டிக்கெட்ட மட்டும் கார் புக் பண்ற அன்னைக்கே போட்டுடுங்க.